நுனி நறுக்கிய செடிகள்

பத்துச் செடிகளுக்கு ஜெயமேரி அக்கா முட்டை ஓடு வைத்தார். பதினோராவது செடிக்கு வைத்தது யார்?

இந்தக் கேள்விக்கு எனக்கு இன்றுவரை விடை தெரியாது. தெரிந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்குமா, அல்லது இன்னும் பயந்திருப்பேனா என்பதும் தெரியாது. முதலிலிருந்தே சொல்கிறேன்.

நீங்கள் இப்போது சேர்ந்திருக்கும் வேலையில் நான் ஏழு வருடம் இருந்தேன். ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரை அடுக்குமாடிக் குடியிருப்புகளின் தோட்டங்களை மேற்பார்வை பார்க்கும் வேலை. போன மாதம் விட்டுவிட்டேன். கிளம்பும்போது, "அக்கா, உங்க அனுபவத்த எழுதிக் குடுங்க" என்று கேட்டீர்கள். உரம், மண் கலவை, எந்த வாரம் எதைக் கத்தரிப்பது என்பதெல்லாம் அலுவலகக் கோப்பில் இருக்கிறது. அதை எழுதப் போவதில்லை. கோப்பில் இல்லாத ஒன்றை எழுதுகிறேன். இதை எழுத நான் தகுதியானவளா என்று மூன்று முறை யோசித்துவிட்டுத்தான் ஆரம்பிக்கிறேன்.

செம்பரம்பாக்கம் பக்கம் ஒரு பெரிய குடியிருப்பு. அதன் நடுவே சிறுவர் விளையாடும் இடம். ஓர் ஊஞ்சல், ஒரு சறுக்கு மரம், ஒரு மணல் குழி. அதைச் சுற்றி ஓரடி உயர மேடை கட்டி, தண்ணீர் அதிகம் கேட்காத செடிகள் வேண்டும் என்றார்கள். நான் அகேவ் என்றேன்.

அகேவ் என்றதும் உங்களுக்கு ரயில் கற்றாழைதான் நினைவுக்கு வரும். வேப்பம்பட்டு தாண்டினால் தண்டவாளத்தின் ஓரம் நிற்குமே, சாம்பல் பூத்த நீல நிறத்தில், ஆள் உயர மடல்களுடன், ஓரமெல்லாம் கொக்கி முள்ளாக. பல வருடம் எதுவும் செய்யாமல் கிடக்கும். திடீரென்று ஒரு கோடையில் நடுவிலிருந்து மின்கம்பம் போல ஒரு தண்டு கிளம்பும். காலையில் பார்த்ததைவிட மறுநாள் காலையில் ஒரு சாண் கூடியிருக்கும். பூத்து முடித்ததும் செடி அப்படியே நின்றபடி செத்துப்போகும். இன்னொரு வகை உண்டு. மடல் ஒல்லியாக, வெள்ளைக் கரை போட்டு, பந்து மாதிரி நாலாபுறமும் விறைத்து நிற்கும். நுனி ஒவ்வொன்றும் கோணி ஊசி. சாலை நடுத்திட்டுகளில் அதைத்தான் வைப்பார்கள். இவை இரண்டையும் குழந்தைகள் இருக்கும் இடத்தில் யாரும் வைக்க மாட்டார்கள்.

நான் கேட்டது ஃபாக்ஸ்டெயில். வெளிர் பச்சை ரோஜா போல விரியும். மடல் மிருதுவாக இருக்கும், ஓரத்திலும் முள் இல்லை, நுனியிலும் முள் இல்லை. பூக்கும்போது மட்டும் நரிவால் போல வளைந்து தொங்கும். நர்சரிக்காரர் ஃபாக்ஸ்டெயில் கையிருப்பில் இல்லை, அதே மாதிரி இன்னொன்று இருக்கிறது என்று பதினோரு செடிகள் அனுப்பினார். குவளை மாதிரி மேல்நோக்கி எழுந்து, நுனியில் வெளிப்பக்கம் வளையும் மடல்கள். நான் கீழே இறக்கிய ஒவ்வொரு செடியின் ஓரத்தையும் விரலால் தடவிப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. நுனியைப் பார்த்தேன். மழுங்கலாக, லேசாகக் காய்ந்து இருந்தது. 'முள் இல்லாத வகை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தாவரவியலில் முதுகலைப் பட்டம் வாங்கியவள் நான்.

இங்கே நிறுத்தி உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். அகேவ் வெளியிலிருந்து வளர்வதில்லை. நடுவில் ஒரு கூம்பு இருக்கும். எல்லா மடல்களும் அதற்குள் ஒன்றையொன்று இறுக அணைத்தபடி இருக்கும். ஒவ்வொன்றாகக் கழன்று வெளியே சாயும். அப்படிக் கழலும்போது, உள்ளே பக்கத்தில் இருந்த மடலின் உருவம் இதன்மேல் அச்சாகப் பதிந்திருக்கும். மங்கலான வெள்ளைக் கோடு. மடல் சாகும்வரை அழியாது. வேறொருவரின் நிழலை முகத்தில் வாங்கிக்கொண்டு வெளியே வருவது போல இருக்கும். அந்த அச்சு அழகாக இருந்ததால் நான் படம் எடுத்து நிறுவனத்தின் முகநூல் பக்கத்தில் போட்டேன். நிறையப் பேர் இதயம் போட்டார்கள். அந்தப் படத்தைப் பிறகு நூறு தடவை பார்த்திருக்கிறேன். அச்சின் மேல்முனையில் மெல்லிய ஊசி ஒன்று தெளிவாகத் தெரிகிறது. அன்று என் கண்ணுக்குப் படவில்லை.

ஜெயமேரி அக்கா அந்தக் குடியிருப்பின் தோட்ட வேலைக்காரர். ஆவடி பக்கம் ஒரு காலனியில் வீடு. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். என்னை மேடம் என்றும் கூப்பிடுவார், நீ என்றும் பேசுவார். நட்டு மூன்று மாதம் இருக்கும்.

"மேடம், இத்த வந்து கொஞ்சம் பாரேன். நடுவுல வர்ற எல நுனில முள்ளு வச்சிகினு வருது."

"இது முள் இல்லாத வகைக்கா. காய்ஞ்ச நுனியா இருக்கும்."

"காஞ்ச நுனி வெரல்ல ரத்தம் வர வைக்குமா? இன்னா மேடம் நீ."

நான் அன்று ஐயப்பன்தாங்கலில் இன்னொரு தோட்டத்தைப் பார்க்கப் போக வேண்டியிருந்தது. என் மகள் ஆதிராவுக்கு அப்போது மூன்று வயது. காப்பகத்திலிருந்து நாலு மணிக்குக் கூட்டிவர வேண்டும். அடுத்த முறை பார்க்கிறேன் என்றேன். அடுத்த முறை அவரே மறுபடியும் சொன்னார். செடிகளை நின்ற இடத்திலிருந்தே பார்த்தேன். வெளி வட்டத்து மடல்கள் எல்லாம் மழுங்கலாகத்தான் தெரிந்தன. "நான் படிச்சிருக்கேன்க்கா" என்று சொன்னேன். அந்த வார்த்தையை நான் சொன்னேன் என்பதை இங்கே எழுதாமல் விடலாமா என்று பார்த்தேன். வேண்டாம், இருக்கட்டும்.

அவர் அதற்குப் பிறகு சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, காலை ஏழரைக்கு, செக்ரட்டரி சார் போன் செய்தார். குடியிருப்போர் சங்கத்தின் செக்ரட்டரி. எப்போதும் நிதானமாகப் பேசுகிறவர்.

"உடனே வாங்கம்மா. போன்ல சொல்ல முடியாது."

போனேன். விளையாடும் இடத்தில் ஒரு குழந்தைகூட இல்லை. ஊஞ்சல் காற்றில் மட்டும் ஆடியது. பத்திருபது பேர் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வட்டத்துக்குள் ஒருவரும் கால் வைக்கவில்லை.

பதினோரு செடிகளிலும், நடுவில் எழுந்து நின்ற மடல்களின் நுனி ஒவ்வொன்றிலும், ஒரு முட்டை ஓடு கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. வெயில் பட்டு ஓடுகள் உள்ளிருந்து ஒளிர்வது போல இருந்தன. எல்லாம் ஒரே உயரம். பச்சை உடம்பில் கண் முளைத்தது போல. அதுவும் கருமணி இல்லாத கண்.

"செய்வினை இது" என்றாள் இரண்டாம் மாடியில் இருக்கும் ஒரு பெண். என் வயதுதான். மடிக்கணினி வேலை, மதுரைப் பக்கப் பேச்சு. "எங்க பிள்ளைக்கு ரெண்டு நாளா காய்ச்சல். நேத்து இங்கதான் விளையாடுனான். முட்டைய வச்சு என்னென்னமோ செய்வாய்ங்கன்னு எங்க ஊர்ல சொல்லுவாக. இங்க வந்து பாப்பேன்னு நெனைக்கல."

நானும் ஒரு தாய். அவளைப் பார்த்துச் சிரிக்க எனக்குத் தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

நான் ஒரு செடியின் அருகே போய் ஓர் ஓட்டைத் தூக்கினேன். அதன் கீழே கருப்பாக, பளபளப்பாக, ஒரு விரற்கடை நீளத்துக்கு முள் இருந்தது. அடுத்ததைத் தூக்கினேன். அதிலும் இருந்தது. ஓடு இருந்த மடல்களில் எல்லாம் முள் இருந்தது. ஓடு இல்லாத வெளி வட்டத்து மடல்களில் இல்லை. யாரோ ஒவ்வொரு முள்ளையும் தேடித் தேடி மூடியிருக்கிறார்கள். எனக்கு அந்த நொடியே யார் என்று புரிந்தது. ஓடுகளை மறுபடி அப்படியே வைத்தேன். ஏன் திரும்ப வைத்தேன்? முள்ளை மறைக்கவா, என்னை மறைக்கவா? இரண்டும்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

ஒதுங்கிப் போய் நர்சரிக்காரருக்குப் போன் செய்தேன்.

"முள்ளு இருக்கும் மேடம், அந்த வகைக்கு நுனில மட்டும் இருக்கும். வண்டில ஏத்தறப்போ லோடு ஆளுங்களுக்குக் குத்தும்ல? அதான் நெயில் கட்டர்ல நறுக்கிட்டு அனுப்புவோம். எல்லா நர்சரிலயும் பண்றதுதான். உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

நான் நறுக்கிய நுனியைப் பார்த்து முள் இல்லாத செடி என்று எழுதியிருக்கிறேன். அதற்குப் பிறகு ஐந்து மாதம், ஒவ்வொரு புது மடலும் உள்ளே ஊசியைத் தீட்டிக்கொண்டு வெளியே வந்திருக்கிறது. மேடை ஓரடி, செடி ஒன்றரை அடி. மூன்று வயதுக் குழந்தையின் கண் இருக்கும் உயரம்.

மறுநாள் ஞாயிறு காலை பத்து மணிக்குக் கூட்டம். அந்த வட்டத்தின் பக்கத்திலேயே நாற்காலி போட்டார்கள். ஞாயிறு காப்பகம் இல்லை, என் கணவருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட். ஆதிராவை இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன். செக்ரட்டரி சார் தன் கைபேசியை எல்லோருக்கும் காட்டினார். கேமரா பதிவு. சனிக்கிழமை காலை ஆறு நாற்பதுக்கு ஜெயமேரி அக்கா ஒரு பெரிய பாலித்தீன் பையுடன் உள்ளே வருகிறார்.

"பையில என்ன இருந்ததும்மா?"

"முட்ட ஓடு சார். எங்க தெருமுனையில தோசக் கடைல கேட்டு வாங்கியாந்தேன்."

கூட்டத்தில் ஒரு சத்தம் எழுந்தது. யாரோ கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தார்கள்.

"யார் சொல்லி வெச்சே?"

"யாரும் சொல்லல சார். எங்க காலனில முள்ளுச் செடி வெச்சா ஓடு மாட்டி வுடுவோம். புள்ளைங்க கண்ணுல குத்தாம. வேற இன்னா?" அவர் என்னைப் பார்க்கவில்லை. நான் அவரைப் பார்த்தேன். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"முள்ளே இல்லாத செடிக்கு ஏம்மா ஓடு?" என்றார் செக்ரட்டரி சார். கையில் நான் எழுதிக் கொடுத்த தாள் இருந்தது. "மேடமே எழுதிக் குடுத்திருக்காங்க. நாளையிலிருந்து நீங்க வரவேண்டாம்."

இப்போது நான் பேச வேண்டும். உங்களுக்கும் இப்படி ஒரு நொடி வரும். அப்போது மனதில் என்னென்ன ஓடும் என்று தெரிந்துவைத்திருங்கள். எனக்கு ஓடியது இதுதான்: ஒப்புக்கொண்டால் ஒப்பந்தம் போகும். ஐந்து மாதமாக எங்கள் பிள்ளைகளை இங்கே விளையாட விட்டாயே என்று கேட்பார்கள். அக்காவுக்கு வேறு இடத்தில் வேலை வாங்கித் தரலாம், அமைதியாக, பிறகு. இப்படி நினைத்துக்கொண்டே வாயைத் திறந்தேன். "நாங்க விசாரிக்கிறோம் சார்" என்றேன்.

ஜெயமேரி அக்கா தலையை மட்டும் ஆட்டினார். எதிர்பார்த்தது நடந்தது என்பது போல.

அப்போதுதான் ஆதிரா என் கையில் இல்லை என்பதைக் கவனித்தேன். எப்போது இறக்கிவிட்டேன் என்று நினைவில்லை. அவள் மேடையின் ஓரத்தில், மணல் குழிக்குப் பக்கத்துச் செடியின் முன்னால் நின்றாள். "அம்மா, குட்டி முட்டை" என்று ஓர் ஓட்டைப் பிடுங்கினாள். அதைக் காட்ட என் பக்கம் திரும்பினாள். முள் அவள் காதுக்கும் கண்ணுக்கும் நடுவே இருந்தது. மறுபடி செடிப் பக்கம் திரும்ப அவளுக்கு அரை நொடிகூட ஆகாது.

நான் கத்தவில்லை. கத்தினால் பயந்து செடிப் பக்கம் திரும்புவாள். மெதுவாக, "ஆதிரா, அம்மாவையே பாரு. அப்படியே நட, அம்மாகிட்ட வா" என்றேன். வந்தாள். எத்தனை அடி இருக்கும் அது? ஆறு, ஏழு. எண்ணியிருக்கிறேன். இரவுகளில் இப்போதும் எண்ணுகிறேன்.

அவளைத் தூக்கிக்கொண்டு சொன்னேன்: "ஓடு வச்சது தப்பில்ல சார். செடி வச்சதுதான் தப்பு. வச்சது நான். இவங்க ரெண்டு தடவ சொன்னாங்க. நான் கேக்கல."

இரண்டாம் மாடிப் பெண்தான் முதலில் எழுந்து ஒரு செடியருகே போய் ஓட்டைத் தூக்கிப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. "அஞ்சு மாசமா?" என்றாள்.

என் மகள் அங்கே நின்றதால்தான் பேசினேனா, இல்லாவிட்டாலும் பேசியிருப்பேனா? புதிதாக வந்திருக்கும் நீங்கள் என்னைப் பற்றி நல்லபடியாக நினைக்க வேண்டும் என்று ஆசைதான். ஆனால் எனக்கே நிச்சயமில்லை.

புதன்கிழமைக்குள் பதினோரு செடிகளையும் எடுத்துவிட வேண்டும் என்று முடிவானது. அக்காவின் வேலை போகவில்லை. நானும் அக்காவும் சேர்ந்தே தோண்டினோம். மடலை வெட்டும்போது தெறிக்கும் சாறு பட்டால் கை தீயாய் அரிக்கும். முழங்கை வரை பழைய சட்டையைச் சுற்றிக்கொண்டோம். மணல் குழிப் பக்கத்துச் செடிக்கு வந்தபோது அக்கா நின்றுவிட்டார்.

"இதுக்கு நான் வைக்கல மேடம்."

"என்னக்கா சொல்றீங்க?"

"ஓடு பத்தல. பத்துச் செடிக்குத்தான் வந்துச்சு. இதுக்கு ஞாயித்துக்கெழம வைக்கலாம்னு வுட்டுட்டேன். இது கோழிமுட்ட இல்ல, பாரு."

பார்த்தேன். சின்னச் சின்ன ஓடுகள். மேலே கரும்புள்ளிகள். காடை முட்டை. ஆதிரா பிடுங்கிய ஒன்றைத் தவிர எல்லா முள்ளிலும் அழகாக விளிம்பு சரி செய்து வைத்திருந்தார்கள். அந்த மூலைக்குக் கேமரா இல்லை.

"வேற யாருக்காச்சும் சொன்னீங்களாக்கா?"

"யாராண்ட சொல்லப் போறேன்? உன்னாண்ட சொன்னேன். அவ்ளோதான்."

சனிக்கிழமை காலை ஏழரைக்குப் போன் வந்து நான் போய்ப் பார்த்தபோது பதினொன்றிலும் ஓடு இருந்தது. அப்படியென்றால் ஆறு நாற்பதுக்கும் ஏழரைக்கும் நடுவில் அங்கே குடியிருக்கும் யாரோ ஒருவருக்கு முள் தெரிந்திருக்கிறது. மூடியிருக்கிறார். கூட்டத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அக்காவை வரவேண்டாம் என்று செக்ரட்டரி சார் சொன்னபோது கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். வாயைத் திறக்கவில்லை. அன்று அங்கே இருந்த முகங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்ப்பேன். எல்லா முகமும் அந்த முகமாகத் தெரியும். பிறகு பார்த்தால் அது என் முகம் போலவும் இருக்கும்.

தோண்டி முடித்ததும் செக்ரட்டரி சார் கடிதம் கேட்டார். 'செடிகள் வேருடன் அகற்றப்பட்டன' என்று எழுதினேன். "இனி வராதுன்னு ஒரு வரி சேருங்கம்மா, எல்லாரும் பயந்திருக்காங்க" என்றார். சேர்த்தேன். கையெழுத்துப் போட்டேன். அந்த வகை மண்ணுக்கடியில் விரல் தடிமனில் வேர்த்தண்டு ஓட்டிக் குட்டி போடும் என்று படித்திருக்கிறேன். ஆனால் நாங்கள் இரண்டடி தோண்டினோம். போதும் என்று நினைத்தேன். நினைத்தேனா, நினைக்க விரும்பினேனா?

நான் வேலையை விட்டதற்கு ஆதிராதான் காரணம் என்று எல்லோரிடமும் சொன்னேன். அதுவும் பொய்யில்லை.

விட்டு ஒரு வாரத்தில் ஜெயமேரி அக்கா போன் செய்தார். "மேடம், ஒண்ணு வந்துகீது." எனக்குப் புரிந்தது.

அந்தக் குடியிருப்பின் நான்காம் மாடியில் என் கல்லூரித் தோழி ஒருத்தி இருக்கிறாள். அவளைப் பார்க்கிற சாக்கில் சனிக்கிழமை ஆதிராவை அழைத்துக்கொண்டு போனேன். சறுக்கு மரத்தின் கீழே, புல்லுக்குள், பென்சில் உயரத்தில் ஒரு பச்சைக் கூம்பு. இன்னும் ஒரு மடல்கூட விரியவில்லை. மண்ணைக் குத்திக்கொண்டு வரும்போதே நுனி கருப்பாக இருந்தது. சமையலறைக் கத்தியால் கிளறி எடுத்து, காகிதத்தில் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அடுத்த சனிக்கிழமை இரண்டு. அதற்கடுத்த வாரம் மணலுக்குள் ஒன்று. மணலில் வந்தது மேலே தெரியவே இல்லை. கையால் அளைந்தபோதுதான் தட்டுப்பட்டது. அதிலிருந்து மணல் முழுவதையும் அளைந்து பார்க்கிறேன்.

"எதுக்குடி எப்ப வந்தாலும் மண்ணுல உக்காந்துக்கற? உனக்கென்ன, நாலு வயசா?" என்று தோழி கிண்டல் செய்கிறாள். அவள் மகன் அதே மணலில்தான் வீடு கட்டுகிறான்.

சங்கத்திடம் சொல்லிவிடுகிறேன் என்று அக்காவிடம் சொன்னேன்.

"சொல்லு, நல்லா சொல்லு. தோண்டுனது யாருன்னு கேப்பாங்கோ. நீ போயிட்ட. நான்தான் கீறேன்." பிறகு, "நான் தெனமும் பாத்துக்கறேன் மேடம். நீ சனிக்கெழம வா. ரெண்டு பேரு கண்ணு பத்தாதா?" என்றார்.

போன சனிக்கிழமை நான்கு எடுத்தேன். கடைசியாக வந்தது ஊஞ்சலுக்கு நேர் கீழே, குழந்தைகள் குதித்து இறங்கும் இடத்தில்.

உங்களில் ஒருவருக்குத்தான் அந்தத் தோட்டம் ஒதுக்கப்பட்டிருக்கும். யாருக்கு என்று எனக்குத் தெரியாது. இந்த வகையை முழுவதுமாக எடுத்தவர்கள் உங்களில் யாராவது இருக்கிறீர்களா? எத்தனை அடி தோண்டினீர்கள்? எத்தனை மாதம் ஒன்றும் முளைக்காமல் இருந்த பிறகு இனி வராது என்று நம்பினீர்கள்? நான் செக்ரட்டரி சாரிடம் போய்ச் சொல்ல வேண்டுமா, அல்லது அக்கா சொல்வது போல இரண்டு பேர் கண் போதுமா? அக்காவின் வேலையும் போகாமல், ஒரு குழந்தையின் கண்ணும் போகாமல் இதைச் சொல்ல வழி இருந்தால், தயவுசெய்து சனிக்கிழமைக்குள் எனக்கு எழுதுங்கள்.